ஸ்தோத்திரமும் நன்றியறிதலும்: தமிழ்க் கிறித்தவ அன்றாட நன்றி மரபு – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாள்தோறும் இறைவனுக்கு நன்றி செலுத்துதல் கிறித்தவ வாழ்வின் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று. தமிழில் இப்பயிற்சி 'ஸ்தோத்திரம்', 'நன்றி' என்னும் இரு சொற்களின் வழி நிகழ்கிறது. இவ்விரு சொற்களும் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பிலும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பிலும் ஆளப்பட்டுள்ள முறையை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. திருக்குறளின் செய்ந்நன்றியறிதல் அதிகாரம், புறநானூற்றின் 34ஆம் பாடல் ஆகியவற்றின் துணையுடன், பழைய மொழிபெயர்ப்பின் சொல்லாட்சி தமிழ் நன்றி மரபோடு எவ்வளவு இயைகிறது என்பது ஆராயப்படுகிறது. நன்றியுணர்வு அடிமைத்தனத்தை நியாயப்படுத்தும் கருவியாக மாறக்கூடிய இடம் எது, அதற்குத் தடையாக நூல்களுக்குள்ளேயே அமைந்திருப்பது எது என்னும் வினாக்கள், கல்வராயன் மலையடிவாரச் சூழலை முன்னிறுத்தி எழுப்பப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஸ்தோத்திரம், செய்ந்நன்றி, விவிலிய மொழிபெயர்ப்பு, வாழ்த்து, சாட்சி, கல்வராயன் மலை, வடக்கனந்தல்.

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் வடக்கனந்தல் அமைந்துள்ளது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993இல் விழுப்புரமும், விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சியும் தனி மாவட்டங்களாயின. பழைய தென்னார்க்காட்டு நிலப்பகுதியில் ஆற்காடு லுத்தரன் திருச்சபை, கத்தோலிக்கத் திருச்சபை ஆகிய இரண்டின் வழிபாட்டு மொழிகளும் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவருகின்றன. சீர்திருத்தத் திருச்சபையினர் உணவுக்கு முன்னும் உறங்கும் முன்னும் 'ஸ்தோத்திரம்' என்கின்றனர். ஒருவரையொருவர் சந்திக்கும்போதும் அச்சொல்லையே வணக்கமாகக் கூறுகின்றனர். கத்தோலிக்கத் திருப்பலியில் இறைவாக்கு வாசிக்கப்பட்டதும் மக்கள் இறைவனுக்கு 'நன்றி' கூறுகின்றனர். ஒரே இறைவனை நோக்கிய ஒரே செயலுக்கு இரு சொற்கள் வழங்குவதை வடமொழிச் சொல், தமிழ்ச் சொல் என்னும் வேறுபாடாக மட்டும் கொண்டு கடந்துவிடுவது வழக்கம். அவ்வாறு கடந்துவிடும்போது, நன்றி என்பது அறிவா, சொல்லா, கடனா என்னும் அடிப்படை வினா மறைந்துவிடுகிறது. அவ்வினாவை மீட்டெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் நன்றி: அறிதலும் வாழ்த்தும்

இன்று 'நன்றி' என்பது பெற்ற உதவிக்கு மறுமொழியாகச் சொல்லப்படும் சொல். பழந்தமிழில் அச்சொல்லுக்கு நன்மை, உதவி என்பனவே பொருள். திருக்குறளின் 11ஆம் அதிகாரம் 'செய்ந்நன்றி அறிதல்' எனத் தலைப்புப் பெற்றிருப்பது இதனால்தான். பிறர் செய்த நன்மை 'நன்றி'; பெற்றவரின் பங்கு 'அறிதல்'. அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் வாயால் நன்றி கூறுமாறு விதிக்கும் குறள் ஒன்றுமில்லை. செய்த உதவியின் காலத்தையும் தன்மையையும் அளந்து அறிவதும் அதனை மறவாதிருப்பதுமே அங்குக் கடமைகளாகின்றன. தினையளவு உதவியைப் பனையளவாகக் கொள்ளுதல் என்னும் 104ஆம் குறளின் கருத்தும் அறிவோரின் அளவையைப் பற்றியதே.

அறிந்ததை வெளிப்படுத்தும் முறை புறப்பாடல்களில் காணப்படுகிறது. ஆலத்தூர் கிழார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய 34ஆம் புறப்பாடல் இவ்வகையில் தனிக் கவனத்திற்குரியது. கொடிய பாவங்களுக்கும் கழுவாய் உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு உய்தி இல்லை என அறநூல் கூறுவதை முதலில் நினைவூட்டும் புலவர், பின்னர் வரகுச் சோறும் தேனும் முயலிறைச்சியுமாகப் பாணர் சுற்றத்தோடு உண்ட விருந்தை விரித்துரைக்கிறார். காலையும் மாலையும் தம் அரசனை வாழ்த்தாவிடில் கதிரவன் தோன்றமாட்டான் என்று கூறுகிறார். அன்றாட நன்றி என்னும் பயிற்சி தமிழில் மிகப் பழங்காலத்திலேயே வடிவம் பெற்றிருந்தமைக்கு இது தெளிவான சான்று. காலம், உண்ட உணவின் பெயர், உடன் உண்டோர், கொடுத்தவரை நோக்கிய வாழ்த்து ஆகிய நான்கும் இப்பாடலில் ஒருங்கே அமைந்துள்ளன.

சிற்றூர்ப் பேச்சுவழக்கும் இதையே காட்டுகிறது. உதவி பெற்ற முதியவர் 'நன்றி' என்று கூறுவது அரிது. 'நல்லா இருப்பே' என்று வாழ்த்துவதே இயல்பு. தமிழில் நன்றி அகத்தில் அறிதலாகவும் புறத்தில் வாழ்த்தாகவும் இயங்கிவந்துள்ளது எனலாம்.

பழைய மொழிபெயர்ப்பின் சொல்லாட்சி

தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சிட்டவர் சீகன்பால்கு. தரங்கம்பாடியில் 1715இல் நிறைவுற்ற அப்பணியைப் பெப்ரீசியஸ் முதலானோர் தொடர்ந்தனர். ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் திருத்தம் 1871இல் வெளிவந்தது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் ஓதப்படும் பழைய மொழிபெயர்ப்பு இம்மரபில் வந்ததாகும்.

கிரேக்க மூலத்தில் நன்றி செலுத்துதலைக் குறிக்கும் வினை 'யூகாரிஸ்தேயோ'. பழைய மொழிபெயர்ப்பு இவ்வினையைப் பல இடங்களில் 'ஸ்தோத்திரம்' என்பதன் வழியே தருகிறது. குணமடைந்த பத்துத் தொழுநோயாளருள் திரும்பிவந்த சமாரியன் செய்வது (லூக்கா 17:16), இறுதி இரவுணவில் இயேசு அப்பத்தைப் பிடும் முன் செய்வது (1 கொரிந்தியர் 11:24), எல்லாவற்றிலும் செய்யுமாறு பவுல் பணிப்பது (1 தெசலோனிக்கேயர் 5:18) ஆகிய மூன்றும் அதில் ஸ்தோத்திரங்களே. எபிரேய மொழியில் 'ஆசி கூறு, வாழ்த்து' எனப் பொருள்படும் 'பாரக்' என்னும் வினை இறைவனை நோக்கி வரும்போது, 103ஆம் சங்கீதத்தின் தொடக்கத்திலும் உபாகமம் 8:10இலும் 'ஸ்தோத்திரி' என்றே அமைகிறது. மூலத்தில் வேறுபட்ட நன்றியும் வாழ்த்தும் தமிழில் ஒரே சொல்லுக்குள் சேர்ந்துவிட்டன.

இதை மொழிபெயர்ப்புக் குறை எனக் கூற இடமுண்டு. ஆயின் மற்றொரு சான்றையும் உடன்வைத்து நோக்க வேண்டும். அதே கிரேக்க வேரிலிருந்து பிறந்து, செயலைக் குறியாது மனப்பண்பைக் குறிக்கும் சொற்கள் வரும்போது பழைய மொழிபெயர்ப்பு 'ஸ்தோத்திரம்' என்பதைக் கைவிடுகிறது. கொலோசெயர் 3:15 'நன்றியறிதல்' என்னும் சொல்லைப் பெற்றுள்ளது. லூக்கா 6:35, 2 தீமோத்தேயு 3:2 ஆகிய இடங்களில் 'நன்றியறியாதவர்கள்' என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. பண்பிற்குக் குறளின் சொல், அப்பண்பின் வெளிப்பாட்டிற்கு வழிபாட்டுச் சொல் என்னும் பகுப்பு இவ்விடங்களில் புலப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர்கள் இதனைத் திட்டமிட்டுச் செய்தனர் எனக் கொள்ள வேண்டியதில்லை. அகத்தில் அறிதல், புறத்தில் வாழ்த்து என்னும் தமிழ் மரபின் அமைப்பு அவர்களது சொல்தேர்வில் படிந்துள்ளது என்று கொள்ளுதலே பொருந்தும்.

'தோத்திரம்' என்னும் வடிவம் தமிழ்ச் சமய உலகில் புதியதும் அன்று. சைவர் திருமுறைகளைத் தோத்திரம் என்றும் மெய்கண்ட நூல்களைச் சாத்திரம் என்றும் வகுத்தனர். அவ்வழக்கில் தோத்திரம் என்பது இறைவனின் பெயரையும் இயல்பையும் செயலையும் சொல்லிப் போற்றுதல். பெற்ற நன்மை ஒன்றைச் சுட்டியே தோத்திரம் தொடங்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு: பெற்றதும் இழந்ததும்

கத்தோலிக்கரும் பிற திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. திண்டிவனத்திலுள்ள தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையத்திற்கு இப்பணியில் பெரும் பங்கு உண்டு. மேலே சுட்டிய மூன்று இடங்களிலும் இம்மொழிபெயர்ப்பு 'நன்றி' என்னும் சொல்லை ஆள்கிறது. 103ஆம் திருப்பாடலின் தொடக்கத்தில் 'போற்றுதல்' வருகிறது. நன்றியும் போற்றுதலும் மூலத்தின்படி பிரித்தறியப்படுகின்றன.

இதனால் விளைந்த பயன் பெரிது. வழிபாட்டுச் சொல் பழகாத வாசகருக்கும் தொடர் நேரடியாகப் பொருள்படுகிறது. ஸ்தோத்திரம் என்பது வணக்கமொழியாகத் தேய்ந்துபோன சூழலில், சமாரியன் செய்தது பெற்ற நலத்தை அறிந்து திரும்பிவந்த செயல் என்பதை 'நன்றி' என்னும் சொல் உடனே உணர்த்துகிறது.

இழப்பும் ஒன்று உண்டு. இன்றைய தமிழில் 'நன்றி' என்பது பெற்ற நன்மை ஒன்றை முன்னிபந்தனையாகக் கொள்ளும் சொல். 'எதற்கு?' என்னும் வினா அதனைத் தொடர்ந்தே வரும். எல்லாச் சூழ்நிலையிலும் ஸ்தோத்திரம் செய்ய வேண்டும் எனும்போது, பயிர் கருகிய ஆண்டிலும் இறைவன் போற்றுதற்குரியவன் என்பது பொருளாகிறது. எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூற வேண்டும் எனும்போது, பயிர் கருகியதற்காகவும் நன்றி சொல்ல வேண்டுமோ என்னும் மயக்கம் நுழைகிறது. மூலத்தின் இடைச்சொல் துன்பத்தின் நடுவிலும் என்னும் பொருளையே தருகிறது. துன்பத்தின் பொருட்டு என்பது அதன் பொருள் அன்று. இவ்வேறுபாடு விளக்கப்படாதபோது, இழப்பையே நன்மையெனக் கொள்ளும் நெருக்கடி ஏழை வாசகர்மீது விழுகிறது.

எண்ணுதலும் நினைத்தலும்

அன்றாட நன்றிப் பயிற்சி இன்று தமிழ்க் கிறித்தவரிடையே பல வடிவங்களில் நிகழ்கிறது. பெந்தெகொஸ்தே மரபுச் சபைகளில் ஆயிரம் ஸ்தோத்திரங்களைத் தொகுத்த சிறு நூல்கள் புழக்கத்தில் உள்ளன. வேதவசனங்களிலிருந்து எடுத்த இறைப்பெயர்களும் இறைச்செயல்களும் வரிவரியாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் 'ஸ்தோத்திரம்' என முடியும். எபிரெயர் 13:15இல் வரும் 'ஸ்தோத்திரபலி' என்னும் தொடர் இப்பயிற்சிக்கு அடிப்படையாகக் காட்டப்படுகிறது. அமைப்பளவில் இது போற்றி அருச்சனைக்கும் கத்தோலிக்க மன்றாட்டுமாலைக்கும் நெருங்கியது. வேதநூலை வாசிக்க நேரமோ எழுத்தறிவோ குறைந்தவர்க்கு அந்நூலின் சொற்களை நாவில் பதியவைக்கும் ஆற்றல் இவ்வடிவத்திற்கு உண்டு.

மற்றொரு வடிவம், அன்றைய நாளில் பெற்ற நன்மைகளைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல். உளவியலிலும் இதற்கு ஒப்பான பயிற்சி ஆராயப்பட்டுள்ளது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு, நன்றிக்குரியவற்றைப் பட்டியலிட்டு எழுதியோர் தொல்லைகளை எழுதியோரைவிட மேலான மனநலத்தைத் தெரிவித்ததாகக் காட்டியது. இங்கு நன்றியின் பயன் எழுதுவோரிடமே வந்து சேர்கிறது. 92ஆம் சங்கீதம் காலைக்கும் இரவுக்கும் உரிய கடமையாக வகுப்பது இதனின்று வேறானது. அங்குச் சொல்லின் திசை கொடுத்தவரை நோக்கியும் கேட்போரை நோக்கியும் செல்கிறது. 34ஆம் புறப்பாடலும் இதே திசையில் நிற்கிறது.

இரு வடிவங்களுக்கும் பொதுவான ஒரு குறை எண்ணிக்கை. ஆயிரம் ஸ்தோத்திரங்களை விரைந்து முடிப்பவர் எதையும் நினையாமலே முடித்துவிடக்கூடும். பட்டியல் எழுதுபவர் நன்மைகளை வரவுக்கணக்காக்கிவிடக்கூடும். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தின் மன்னா நிகழ்ச்சி இதற்கு மாற்றாக அமைகிறது. அன்றன்றைக்கு வேண்டிய அளவே சேகரிக்க வேண்டும். மறுநாளுக்கென மிச்சம் வைத்ததில் புழு வைத்தது. ஓய்வுநாளுக்கு முந்திய நாளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. நன்றியை அன்றாடப் பயிற்சியாக்குவதன் பொருள் இங்குத் தெளிவாகிறது. நேற்றைய நினைவு இன்றைக்குப் போதாது என்பதே அதன் காரணம்.

மூன்றாவது வடிவம் 'சாட்சி'. தாம் பெற்ற நன்மையைச் சபை நடுவே எடுத்துரைக்கும் இவ்வழக்கத்திற்குத் தமிழில் தொன்மையான உறவு உண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்ற மற்றொரு பாணனை வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பெற்றவர் பெறாதவர்க்கு வழி சொல்லுதல் அங்கு நன்றியின் வடிவமாகிறது. சாட்சி தன் பெருமையுரையாகச் சுருங்காதவரை ஆற்றுப்படையின் அறத்தையே தொடர்கிறது. கேட்பவரின் வறுமையைக் கருதுதலே அதன் உரைகல்.

நன்றியும் கடனும்

நன்றியைப் போற்றும் எந்தத் திறனாய்வும் அதன் இருண்ட பக்கத்தைத் தவிர்க்க இயலாது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்னும் பழமொழியும் கன்னனின் செஞ்சோற்றுக்கடனும் தமிழர் போற்றும் விழுமியங்கள். உணவிட்டவனுக்கு உழைப்பாளி ஆயுள் முழுதும் கட்டுப்பட்டவன் என்னும் எண்ணத்திற்கும் அவையே துணைநின்றன. கிறித்தவர் இறைநம்பிக்கையைக் குறிக்க வழங்கும் 'விசுவாசம்' என்னும் சொல்லே, பொதுவழக்கில் எசமானிடம் வேலையாள் காட்ட வேண்டிய நன்றிப்பற்றையும் குறிக்கிறது.

கல்வராயன் மலைப்பகுதி மூன்று ஜாகீர்களாக ஜாகீர்தார்களின் ஆளுகையில் 1976 வரை இருந்தது. கொத்தடிமை முறையை ஒழித்து, அதன்வழிப்பட்ட கடன்களையும் செல்லாதனவாக்கிய நடுவணரசுச் சட்டமும் அதே ஆண்டினதே. இத்தகைய நிலத்தில் 'இருப்பதற்கு நன்றி சொல்' என்னும் அறிவுரை பொதுவான ஒன்றாக நில்லாது. யார் யாருக்குக் கூறுகிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். நிலமற்றவரை நோக்கி நிலமுடையவர் கூறும்போது அது வாயடைப்பாகிறது.

திருக்குறள் இவ்விடரை அறிந்திருந்தமைக்கு அதிகார வைப்புமுறையே சான்று. செய்ந்நன்றி அறிதலை அடுத்து நடுவு நிலைமை வருகிறது. உதவி செய்தவரை நினைக்குமிடத்து நடுநிலை சிதையக்கூடும், அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வைப்பு எனப் பரிமேலழகர் விளக்குகிறார். நன்றிக்கு எல்லை நீதி என்பது இதன் கருத்து. ஆயினும் குறள் நன்மையை மறவாதிருக்கவும் தீமையை அன்றே மறக்கவும் பணிக்கிறது (108). கொன்றாற்போன்ற தீங்கும் முன்செய்த ஒரு நன்மையை நினைத்தால் அழிந்துபோகும் என்கிறது (109). தனிமனித உறவில் இவை உயர்ந்த நெறிகள். தலைமுறைகளாகத் தொடரும் ஒடுக்குமுறையில் தீமையை அன்றன்றே மறப்பது யாருக்குப் பயன்படும் என்னும் வினாவுக்கு இவ்விரு குறள்களிலும் விடை இல்லை.

உபாகமம் 26ஆம் அதிகாரம் இவ்விடத்தில் வேறு வழி செல்கிறது. முதற்பலனைக் கூடையில் கொண்டுவரும் உழவன் விளைச்சலுக்காக மகிழ்ந்து போற்றுவதோடு அமைவதில்லை. தன் மூதாதை அலைந்து திரிந்தவன் என்பதையும், எகிப்தியர் தம்மை ஒடுக்கிக் கடும் வேலை வாங்கியதையும், தாம் கூக்குரலிட்டதையும், மீட்கப்பட்டதையும் இறைவன்முன் எடுத்துரைக்க வேண்டும் என்பது விதி. நன்றியுரைக்குள்ளேயே ஒடுக்குமுறையின் வரலாறு இடம்பெறுகிறது. அதனை அடுத்து, லேவியரும் அந்நியரும் அம்மகிழ்ச்சியில் பங்குபெற வேண்டும் என்னும் கட்டளை வருகிறது. 24ஆம் அதிகாரமும் அடிமைப்பட்டிருந்ததை நினைவூட்டியே, வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் விடுமாறு பணிக்கிறது. இங்கு ஆண்டானுக்கு நன்றி கூறப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. எகிப்தில் உண்ட உணவு செஞ்சோற்றுக்கடனாகக் கருதப்படவே இல்லை. எல்லா நன்மைக்கும் ஊற்று இறைவன் எனக் கொள்வதால் மனிதர் மனிதர்க்குப் பட்ட ஆயுட்கடன் தளர்கிறது.

தமிழகத் திருச்சபைகளில் கொண்டாடப்படும் அறுப்பின் பண்டிகையில் விளைபொருள் படைத்தலும் ஸ்தோத்திரக் காணிக்கையும் சிறப்பாக நடைபெறுகின்றன. வரலாற்றை எடுத்துரைத்தல், நிலமற்றவரோடு பகிர்தல் என்னும் உபாகமத்தின் இரு கூறுகளும் அதே வலிமையோடு இடம்பெறும்போதே அப்பண்டிகை முழுமை பெறும். வடக்கனந்தல் பகுதி வயல்களுக்கு இதனைப் பொருத்திக் காணலாம். அருகிலுள்ள அணையில் தேங்கும் கோமுகி ஆறு கல்வராயன் மலையில் தோன்றுவது. அடிவாரத்து விளைச்சலுக்காகச் சொல்லப்படும் ஸ்தோத்திரம், நீர் வந்த வழியே சென்று மலையில் வாழும் மக்களின் வரலாற்றையும் உள்ளடக்குமாயின், அது உபாகமத்தின் நெறிப்பட்டதாகும்.

முடிவுரை

தமிழ் மரபில் நன்றி அறிதலாகவும் வாழ்த்தாகவும் இயங்கிவந்துள்ளது. விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு பண்பை 'நன்றியறிதல்' என்றும் செயலை 'ஸ்தோத்திரம்' என்றும் பகுத்துத் தந்தது இவ்வமைப்போடு இயைவது. அதனை வடமொழிச் சார்பு என்று மட்டும் மதிப்பிடுவது போதாது.

1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு 'நன்றி' என்னும் சொல்லால் தெளிவைக் கூட்டியது. அதேவேளையில், துன்பத்தின் நடுவிலும் இறைவனைப் போற்றுதல், துன்பத்திற்காக நன்றி கூறுதல் என்னும் இரண்டையும் பிரித்து விளக்கும் பொறுப்பு உரைகாரர்க்கும் மறையுரையாளர்க்கும் கூடியுள்ளது.

ஸ்தோத்திர அடுக்கு, குறிப்பேடு, சாட்சி ஆகிய அன்றாட வடிவங்களுள் எண்ணிக்கை நினைவை விழுங்கிவிடும் இடர் முதலிரண்டிற்கும் உண்டு. சாட்சி ஆற்றுப்படை மரபோடு உறவுடையது; பெறாதவரை நோக்கித் திரும்பும்போதே அது தன் பயனை எய்துகிறது.

குறள் நன்றிக்கு நடுவுநிலைமையை எல்லையாக வைத்தது. உபாகமம் நன்றியுரைக்குள் அடிமை வரலாற்றையும் பங்கீட்டையும் வைத்தது. இவ்விரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது, நாள்தோறும் நன்றி கூறுபவர் தமக்கு நேர்ந்த அநீதியை மறக்க வேண்டியவர் அல்லர் என்பது பெறப்படும். குணமடைந்து திரும்பிவந்த அந்த ஒருவன் சமாரியன் என்பதை லூக்கா தனியே சுட்டுகிறார். புறக்கணிக்கப்பட்ட இனத்தவன் என்னும் அவனது அடையாளம், அவன் ஸ்தோத்திரம் செலுத்திய பின்னும் அழிக்கப்படாமல் நூலில் நிற்கிறது.